விசாரணைக்கு வந்த அன்று நான் வீட்டில்தான் இருந்தேன்

அனுப்புநர்
மு. சினேகா,
த/பெ. முருகவேல் (காலமானார்),
எண் 14, பின்பகுதி, ஆறாவது குறுக்குத் தெரு,
செங்கம் சாலை, ரமணாசிரமம் பகுதி,
திருவண்ணாமலை.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்,
திருவண்ணாமலை.

பொருள்: பாஸ்போர்ட் விசாரணையில் ‘மேற்படி முகவரியில் வசிக்கவில்லை’ என்று அறிக்கை சென்றது – அவ்வாறு சொன்னது நானே – நான் அங்கேதான் வசிக்கிறேன் – மறுவிசாரணை வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஜன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது என் காதை. கடந்த 12.02.2026 வியாழக்கிழமை காலை பதினொரு மணி அளவில் எங்கள் வாசலில் நின்றவர் கையில் ஒரு தாள் இருந்தது. அதன் மூலையில் அச்சாகியிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் இடது காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பாஸ்போர்ட் அலுவலகத்தில் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கச் சொல்லிப் படம் எடுத்ததால் வந்த காது அது. அது யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2. வந்தவர் காவலர். சாதாரண உடையில் இருந்தார். “ஏம்மா, சினேகான்னு ஒரு பொண்ணு, இந்த வீடுதானே?” என்று கேட்டார். நான், “அப்படி யாரும் இல்லீங்க” என்றேன். “அப்ப நீ யாரு?” என்றார். “நான் சும்மா வந்திருக்கேங்க” என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஜன்னல் திரை என் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஜன்னல் கம்பி வழியாக டம்ளரில் கொடுத்தேன். “நல்லா இரும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கடமையைச் சரியாகச் செய்தார். அவர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இந்த மனுவில் புகார் இருப்பது என் மீது மட்டுமே.

3. அதற்கு முன் அவர் என் அம்மாவின் கைபேசிக்கு மூன்று முறை அழைத்திருக்கிறார். அம்மா அதை என்னிடம் விட்டுச் சென்றிருந்தார். தெரியாத எண் என்பதால் ஒலித்து அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்த எண்ணாக இருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான் செய்வேன்.

4. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு விளக்கம் தர வேண்டியது என் பொறுப்பு. எங்கள் தெருவில் பதினோரு வீடுகளில் மாடி அறைகளை ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அவர்கள் வந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விவரங்களைக் கணினியில் பதிய வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. முன்பு ஒரு காலத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் அதை அவ்வளவு சரியாகச் செய்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் கையில் தாளோடு யார் வந்து எந்தப் பெயரைக் கேட்டாலும் ‘அப்படி யாரும் இல்லை’ என்று சொல்வது தெரு வழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டு உரிமையாளர் சந்திரம்மாள் அக்கா, நாங்கள் குடிவந்த அன்றே எங்களுக்குச் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, மோட்டாரை ஆறு மணிக்குப் போட வேண்டும். இரண்டாவது இது.

5. இப்போது பதினோரு வீட்டுக்கும் முறையாகப் பதிவு செய்யப்படுகிறது. செய்வது நான்தான். எந்த வீட்டில் எந்த நாட்டவர் இருக்கிறார், யாருடைய விசா எந்தத் தேதியில் முடிகிறது, யார் நேபாளம் போய் வந்தார், யார் கொழும்பு போய் வந்தார் என்பதெல்லாம் எனக்குத் தேதியோடு தெரியும். பதிவெல்லாம் சரியாகிவிட்ட பிறகும் வாயிலிருக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. இந்தத் தெருவில் வசிப்பவர்கள் எல்லோருடைய கணக்கும் அரசாங்கத்திடம் இருக்கிறது, என்னைத் தவிர.

6. அந்தக் காவலர் என் பேச்சை மட்டும் நம்பிப் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எதிரில் எலுமிச்சை டீ விற்கும் எல்லம்மாள் அத்தையிடம் கேட்டார். அத்தை, “சினேகாவா? நம்ம தெருவுலயே அந்தப் பேருல ஆளு கெடையாதுங்க. அடுத்த தெருவுல பாருங்க, அங்கதான் புதுசு புதுசா வந்து எறங்கினு இருக்காங்க” என்றார். பிறகு சந்திரம்மாள் அக்காவிடம் கேட்டார். அக்கா, “என் வூட்ல யாருமே கெடையாதுங்க. நானே எப்பவாவதுதான் வருவேன்” என்றார். அக்கா அந்த வீட்டில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறார். இரண்டையும் நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். வெளியே போய், நான்தான் சினேகா என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். செருப்புகூடப் போட்டுவிட்டேன். அதற்குள் அவருடைய வண்டி கிளம்பிவிட்டது.

7. காவலர் போனதும் எல்லம்மாள் அத்தை தெருவைக் கடந்து வந்து, “இன்னா பொண்ணு, யாரோ சினேகாவைத் தேடினு வந்தான். பேசியே அனுப்பிட்டேன். மேல் ரூம்ல இருக்கற வெள்ளைக்காரியா அது?” என்று கேட்டார். நான்தான் என்றேன். “உனுக்குப் பேரு சினேகாவா? நாலு வருசமா பாஞ்சாலை பொண்ணுன்னு தானே கூப்புட்டுனு இருக்கேன். நீயாவது ஒரு தபா சொல்லக் கூடாதா?” என்றார். அது நியாயமான கேள்வி. பாஞ்சாலை என்பது என் அம்மா.

8. சந்திரம்மாள் அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் அவர் காவலரைத்தான் கோபித்துக்கொண்டார். “நல்ல சேதியா வந்தா முன்னாடியே நல்ல சேதின்னு சொல்லணும் இல்ல? மொட்டையா பேரைக் கேட்டா யாருன்னு கண்டேன்?” என்றார். இதை அக்காவின் சார்பில் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அவர் சொல்லச் சொன்னார்.

9. பாஸ்போர்ட் எதற்கு என்று தாங்கள் கேட்கக்கூடும். அம்மா சமையல் வேலை செய்த விடுதியை நடத்திய ஹெலேனா அம்மா, இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு விடுதி தொடங்கியிருக்கிறார். மே மாதம் முதல் தேதி திறக்கிறார். சமையலுக்கு அம்மாவையும், விருந்தினர் பதிவுக்கு உதவியாக என்னையும் வரச் சொல்கிறார். அங்கேயும் தமிழ்தான் பேசுவார்கள், பயப்படாதே என்று அம்மா தைரியம் சொன்னார். எந்த மொழி என்பதல்ல, பேச வேண்டும் என்பதுதான் என் பயம்.

10. அங்கே போய்த் தங்குவதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று ஹெலேனா அம்மா அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். முதல் வழி, சுற்றுலா விசா. சில வாரங்கள் கடலைப் பார்க்கலாம், பிறகு திரும்பிவிட வேண்டும். இரண்டாவது, வேலைக்கான வசிப்பிட விசா. சமையலுக்கு அம்மாவின் அனுபவம் போதும், பதிவு வேலைக்குப் படிப்புச் சான்றிதழ்கள் வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அப்பா இறந்த வருடம் அம்மாவுக்குத் துணையாக விடுதிச் சமையலறைக்குப் போனேன். அதற்கு முன்பே, ‘உள்ளேன் அம்மா’ என்று நான் சொல்வது ஆசிரியர் காதில் விழாமல் பாதி நாள் வரவில்லை என்றே பதிவாகியிருந்தது. ஆசிரியர் மேல் தவறில்லை, என் காதிலேயே விழாது. மூன்றாவது வழி, அம்மாவின் வசிப்பிட விசாவோடு அவரைச் சார்ந்த பிள்ளையாகப் போவது. எனக்குப் பதினெட்டு வயது முடிவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். நான்காவதாக ஒரு வழி சந்திரம்மாள் அக்கா சொன்னது. “அங்கயே ஒரு மாப்பிள்ளையைப் பாத்துக்கினா விசாவும் வேணாம் ஒண்ணும் வேணாம்” என்றார். அந்த வழியை நான் பரிசீலிக்கவில்லை.

11. ஆகவே எனக்கு இருப்பது மூன்றாவது வழி ஒன்றுதான். எனக்குப் பதினெட்டு வயது முடிவது 22.04.2026 அன்று. அம்மாவும் நானும் ஒரே நாளில்தான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். அப்பாவின் இறப்புச் சான்றிதழில் ஒரு திருத்தம் இருந்ததால் என் கோப்பு மட்டும் ஒரு வாரம் பின்தங்கியது. அம்மா தன் விசாரணைக்குத் தானே காவல் நிலையத்துக்குப் போய், இரண்டு சாட்சிகளோடு உட்கார்ந்து, வரும்போது அங்கிருந்த எழுத்தரின் மகளுக்கு வரன்கூடச் சொல்லிவிட்டு வந்தார். அவருடைய பாஸ்போர்ட் வந்துவிட்டது. எனக்கு வந்தது குறுஞ்செய்தி. அதன்படி எண் 14, பின்பகுதியில் அம்மா வசிக்கிறார், நான் வசிக்கவில்லை. அந்தப் பின்பகுதி ஒரே ஓர் அறை.

12. குறுஞ்செய்தியை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். மாவு கரைத்துக்கொண்டிருந்தார். “சின்ன வயசுலேர்ந்து யார் வந்தாலும் என் பின்னாடி போய் நிப்ப. நின்னு நின்னு, நீ இல்லவே இல்லைன்னு கவர்மெண்டே எழுதிட்டான் பாரு” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் கையைக் கழுவிவிட்டு, ஹெலேனா அம்மாவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுது என்றார். “உன்ன உட்டுட்டு நான் அங்க யாருக்கு ஆக்கிப் போடறது?” என்றார். அந்தக் கடிதத்தை நான் இன்னும் எழுதவில்லை. அனுப்பிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஐயா, இந்த மனுவில் நான் ஒப்புக்கொள்ளும் இரண்டாவது பொய் இது. அப்பா போன பிறகு அம்மா தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்தது இந்த வேலை ஒன்றைத்தான். என் வாயில் வந்த மூன்று வார்த்தையால் அது போய்விடக் கூடாது.

13. நான் மேற்படி முகவரியில் வசிக்கிறேன் என்பதற்கு ஆதார் அட்டை நகலும், குடும்ப அட்டை நகலும், பள்ளி மாற்றுச் சான்றிதழ் நகலும் இணைத்துள்ளேன். அவற்றோடு, ‘12.02.2026 அன்று எங்களால் இல்லை என்று சொல்லப்பட்ட பெண் இருக்கிறாள், நல்ல பெண்’ என்று சந்திரம்மாள் அக்காவும் எல்லம்மாள் அத்தையும் கையெழுத்திட்ட கடிதமும் உள்ளது. வாசகம் அவர்களுடையது. கையெழுத்துப் போடும்போது எல்லம்மாள் அத்தை, “இதுக்காக என்னைக் கூப்புட்டு உக்கார வெச்சிருவாங்களா?” என்று கேட்டார். அப்படி நடக்காது என்று தங்கள் சார்பில் நான் சொல்லிவிட்டேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

14. எனவே, மேற்படி அறிக்கையை மறுபரிசீலனை செய்து, 22.04.2026-க்கு முன் விசா விண்ணப்பத்துக்கும் நேரம் இருக்கும்படியாக, விரைவில் மறுவிசாரணைக்கு உத்தரவிடும்படிப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு வருபவர் பௌர்ணமி நாளைத் தவிர்த்தால் நல்லது. அன்று கிரிவலக் கூட்டத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் யாரையும் தெரியாது. முன்கூட்டிக் கைபேசியில் அழைத்தால் எடுப்பேன். குறுஞ்செய்தியாக அனுப்பினால் இன்னும் நிச்சயமாகப் பார்ப்பேன். அதே காவலரை அனுப்பினாலும் சரி. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு வருந்தும்,

(ஒப்பம்)
மு. சினேகா

இடம்: திருவண்ணாமலை
நாள்: 09.03.2026

இணைப்பு: மேலே கண்டபடி நான்கு.

பேனாவால் சேர்த்தது: தங்கள் அலுவலக வாசலில் இருந்த பெண் காவலர், மனுவைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம், யாரிடமும் பேச வேண்டியதில்லை என்றார். தங்களை நேரில் பார்க்க எனக்கு முன்னால் பதினாறு பேர் இருந்தார்கள். நான் வரிசையில் நின்றுகொண்டேன்.