அறையில் இருக்கிறாரா?

மார்ச் 3, செவ்வாய்

அலுவலக நாட்காட்டியில் இன்னும் ஞாயிற்றுக்கிழமையே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தாள்களையும் நானே கிழித்தேன். அண்டை நாட்டுக் கப்பல்கள் நம் துறைமுகத்தை மறித்து நிற்கும் வேளையில், தேதி தெரியாத ஓர் அலுவலகம்!

அந்த நாட்டாரோடு பேச, நம் நாட்டுத் தலைவர் இன்று தொலைபேசிக்கு வரவில்லை. காலையில் குளியலறையில் விழுந்தவருக்கு நினைவு திரும்பவில்லையாம். மருத்துவர், உள்துறை அமைச்சர், படைத்தலைவர், மொழிபெயர்ப்பாளனாகிய நான் — நால்வருக்கு மட்டுமே தெரியும். வெளியே மூச்சு விடக்கூடாது.

மார்ச் 5, வியாழன்

தமக்குப் பின் யார் என்பதைத் தலைவர் சொல்லி வைக்கவில்லை. தலைதூக்கிய ஒவ்வொருவரையும் தட்டியே வைத்திருந்தார். இப்போது இருவர் அந்த நாற்காலியைச் சுற்றி வருகிறார்கள். என்னையும் சுற்றி வருகிறார்கள். காரணம் உண்டு. பத்தொன்பது ஆண்டுகளாக அந்தப் பக்கத்தார் கேட்டது என் குரலை மட்டுமே. நான் யாருக்காகப் பேசுகிறேனோ, அந்தப் பக்கத்தாருக்கு அவரே தலைவர்.

உள்துறை அமைச்சர் நடைவழியில் மறித்தார். "பெரியவரே, யார் பக்கம் உக்காரப் போறீங்க?"

"நாற்காலி எங்க போட்டிருக்கோ அங்கதாங்க."

சிரித்தார். என் தோளில் வைத்த கையை எடுக்க அவருக்கு வெகுநேரமாயிற்று.

மார்ச் 6, வெள்ளி

படைத்தலைவர் முந்திக்கொண்டார். நாளை, தலைவரின் பெயரால் நான் சொல்ல வேண்டியது: ஞாயிறு நண்பகலுக்குள் கப்பல்கள் விலகாவிட்டால் சுடுவோம். போர் மூண்டால் ஆட்சி தானாகவே அவர் கைக்கு வந்துவிடும், சட்டம் அப்படி.

"உங்க பையன் முதல் வரிசைப் படகுலதானே இருக்காரு? நல்ல பிள்ளை," என்றார்.

படகா அது? அந்தக் கப்பல்களின் முன் தீப்பெட்டி. ஐயோ, நான் என்ன பண்ணுவேன்? யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?

மார்ச் 7, சனி

ஒவ்வோர் அழைப்பிலும் அந்தப் பக்கத்து மொழிபெயர்ப்பாளர் அம்மையார் முதலில் கேட்பது ஒன்றுதான்: தலைவர் அறையில் இருக்கிறாரா? இருக்கிறார் என்பேன். வெறும் சடங்கு. இத்தனை ஆண்டுகளில் ஒரு சொல்லையும் நான் சொந்தமாகச் சேர்த்ததில்லை.

இன்று, இல்லை என்றேன். செவ்வாய் முதல் அவருக்கு நினைவில்லை, இங்கே உத்தரவிட ஆளில்லை, தயவுசெய்து சுட்டுவிடாதீர்கள் என்றேன்.

பக்கத்திலேயே படைத்தலைவர். அந்த மொழியில் அவருக்கு ஓரெழுத்தும் தெரியாது. "என்னய்யா சொல்றாங்க?"

"யோசிச்சுச் சொல்றாங்களாம்."

அம்மையார் நன்றி என்றார்.

ஏன் நன்றி?

மார்ச் 8, ஞாயிறு

விடிந்ததும் கப்பல்கள் நகர்ந்தன. உள்ளே.

படைத்தலைவர் சுடச் சொன்னாராம். உள்துறை அமைச்சர் கூடாதென்றாராம். யார் உத்தரவு செல்லும் என்று படகுகளில் இருந்த யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மகன் வந்துவிட்டான். உடம்பில் கீறல் இல்லை, சீருடையும் இல்லை.

"ஒரு குண்டுகூடச் சுடலப்பா. நாங்க சுடமாட்டோம்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சாப்பாடு போட்டேன்.

படைத்தலைவர் எங்கே என்று தெரியவில்லை. நாளை உள்துறை அமைச்சர் தலைவராகப் பதவியேற்கிறார். உறுதிமொழியை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூலம் அந்தப் பக்கத்தார் மொழியில் இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் நான் அதை நம் மொழியில் பெயர்த்துத் தர வேண்டும்.