லேத்தைக் குளிப்பாட்டியவர்

செப். 30, செவ்வாய்

பகலில் வெயில், சாயங்காலம் ஆனையூர் முழுக்கத் தண்ணீர். ஸ்கூட்டி வழியில் நின்றது. கிளினிக்கில் பில் போடும் கம்ப்யூட்டரும் நின்றது. எல்லாம் என்னைப் பார்த்துத்தான் நிற்கும்.

வந்ததும் நேராக மாடிப்படிக்கு அடியில். ஞாயிறன்று ஆட்கள் வருகிறார்கள். போன் குரூப்பில் மட்டும் பழக்கமான மூன்று பேர், வீட்டிலேயே மெஷின் செய்து பார்க்கிற பைத்தியங்கள். கம்பி கடைகிற என் லேத் ஓடுவதை நேரில் பார்க்க வேண்டுமாம். நானே படம் போட்டு, நானே அறுத்து, நானே மாட்டியது. வெளியாள் யாரும் இதுவரை பார்த்ததில்லை. வீட்டுக்காரரே சரியாகப் பார்த்ததில்லை.

மீதி வேலை:
– கைப்பிடி. படமே முடியவில்லை.
– பெல்ட்டுக்கு மூடி.
– எண்ணெய்.

படம் வரைகிற இலவச சாப்ட்வேரில் கைப்பிடியின் விளிம்பை லேசாக உருட்டச் சொன்னேன். மொத்தப் படமும் காணாமல் போனது. சேமித்து வைக்கவில்லை. ஓசியில் வந்ததற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது. மறுபடி முதலிலிருந்து.

இவர் மாட்டுத்தாவணிக்குப் பூ வாங்கக் கிளம்பினார். "ஒனக்கு மல்லியா, பிச்சியா?"

"எண்ணெய் வாங்கிட்டு வாங்க."

"தலைக்கா?"

கதவைச் சாத்தினேன்.

அக். 1, புதன். ஆயுத பூஜை

கிளினிக்கில் அரை நாள். ஸ்கேன் மெஷினுக்கு மாலை, கீபோர்டில் சந்தனம். பொரி தின்றுகொண்டே சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்தால் லேத் குளித்துவிட்டு நிற்கிறது.

ஒவ்வொன்றாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எதையாவது போட்டு உடைப்பேன்.

– சோப்புத்தூள், தேங்காய் நார், வாளி வாளியாகத் தண்ணீர்.
– இரும்புத் தடத்தில் பூசியிருந்த எண்ணெய் சுத்தமாகப் போச்சு.
– நீள மரைக் கம்பி முழுக்க விபூதிப் பட்டை. சாம்பலும் எண்ணெயும் சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி மரையைத் தின்றுவிடும்.
– மோட்டார் மேல் எலுமிச்சம்பழம்.
– கம்பியைப் பிடித்துச் சுற்றுகிற தலைப்பகுதியை போல்ட் கழற்றித் தூக்கி, அடியிலும் கழுவியிருக்கிறார். பைக்கைக் கழுவும்போது சீட்டைக் கழற்றுவாரே, அப்படி.

அந்தத் தலைக்கு அடியில் காலண்டர் தாளும் மாத்திரை அட்டைத் துண்டும் கொடுத்திருந்தேன். ஒன்றை எடுத்து ஒன்றை வைத்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து தலையை நேராக்கியது அவற்றை வைத்துத்தான். இப்போது எல்லாம் குப்பைத் தொட்டியில்.

"அடியில குப்பை அடைச்சிருந்துச்சு. எடுத்துப் போட்டேன்." மூஞ்சியில் அவ்வளவு பெருமை.

துடைக்கத் துணியை எடுத்தேன். இவருடைய அக்கா பூஜைக்காக உசிலம்பட்டியிலிருந்து வந்திருக்கிறார். கையைப் பிடித்துவிட்டார்.

"பூசை போட்டாச்சு தாயி. நாளைக்குத்தேன் தொடணும்."

"துரு புடிச்சிரும் மதினி."

"ஒரு நாள்ல என்னத்தப் புடிக்கப் போகுது?"

வெளியே மழைக்காற்று. மெஷினிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அக்காளும் தம்பியும் கற்பூரம் காட்டுகிறார்கள். நான் தொடவில்லை. சண்டைக்குப் பயந்து இல்லை. பூஜை போட்ட பொருளைத் தொட எனக்கே கை வரவில்லை. அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

மதினி கடைக்குப் போன நேரம் பார்த்துக் கத்தினேன். இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான், இதில் எதற்குக் கை வைத்தீர்கள் என்று.

"போன வருசம் சண்டை போட்டது யாரு? மிக்ஸிக்குப் பொட்டு வச்சீங்க, அருவாமனைக்கு வச்சீங்க, என் லேத் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுனு கேட்டியா இல்லையா? அதேன் இந்த வருசம் மொத ஆளா அதைக் கழுவுனேன்."

கேட்டேன்தான். பொட்டு கேட்டேன். குளிப்பாட்டவா கேட்டேன்?

அக். 2, வியாழன்

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். தடம் முழுக்கத் துரு, டீ சிந்திக் காய்ந்த மாதிரி. லேத்துக்கு அடித்தளமாக இருக்கிற கிரானைட்டுக்கு ஒன்றுமில்லை. மேலூர்ப் பக்கம் வெட்டிப் போட்ட கழிவுக் கல். அதற்கு இருக்கிற பொறுமை எனக்கு இல்லை.

மண்ணெண்ணெய், பழைய பல் பிரஷ், ஊசி. மரையின் ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் விபூதி, குங்குமம், சந்தனம். சாமியைத் திட்டக் கூடாது என்பதால் ஆளைத் திட்டினேன். மதினி இட்லிக்குக் கூப்பிட்டார். போகவில்லை. மத்தியானம் ஊருக்குக் கிளம்பும்போது, "மிசினுக்குக் கண்ணு பட்டிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மோட்டார் பழைய கிரைண்டரிலிருந்து எடுத்தது. காய வைக்க வெயில் இல்லை. பக்கத்தில் குண்டு பல்பைப் போட்டு வைத்திருக்கிறேன்.

இவர் வந்து எட்டிப் பார்த்தார். "நானும் தேய்க்கவா?"

"தொட்டீங்க, எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

"இதையும் தூக்கிக்கிட்டா?"

சிரிக்கிறார். அந்தக் கல்லைத் தூக்க நாலு ஆள் வேண்டும். அதனால்தான் இன்னும் இங்கே இருக்கிறேன்.

அக். 3, வெள்ளி

கிளினிக்குக்கு லீவு. காய்ச்சல் என்று சொன்னேன். பொய்யும் இல்லை.

வர வேண்டாம் என்று குரூப்பில் சொல்லிவிடலாமா? யோசித்துக்கொண்டிருக்கும்போதே திருமங்கலம் சரவணன் அனுப்பியது: "அண்ணே, ஞாயித்துக்கெழம காலையில வாரோம். கம்பி கொண்டாரோம், கடைஞ்சு காட்டணும்."

எல்லோருக்கும் நான் அண்ணன்தான். குரூப்பில் என் பெயர் 'ஆனையூர் லேத்'. லேத் என்றால் ஆம்பளை என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். இத்தனை நாளில் ஒருவருக்காவது சந்தேகம் வந்ததா? அதுவும் சேர்ந்து எரிச்சல். வாங்க என்று போட்டுவிட்டேன்.

லேத்தின் தலையை நேராக்க உட்கார்ந்தேன். கோணலைக் காட்டுகிற கேஜின் முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. தினசரிக் காலண்டரில் நாளைய தாளைக் கிழித்து அடியில் கொடுத்தேன். போதவில்லை. அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. தீபாவளி வரை கிழித்தாகிவிட்டது. இவர் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பிழைத்தார்.

அக். 4, சனி

ஓடியது. பேரிங்கில் கரகரப்பு. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மாற்ற நேரமில்லை.

கைப்பிடி கிடையாது. சாப்ட்வேர் மறுபடியும் செத்தது. போகட்டும்.

அலுமினியம் கடைந்து பார்த்தேன். ஒரு முனை தடிமன், மறு முனை மெலிசு. கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போன வாரம் இப்படி இல்லை.

சாம்பார் கருகியது. இவர் குறை சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் பிடிக்கவில்லை.

அக். 5, ஞாயிறு

வந்தார்கள். கேட்டைத் திறந்தது இவர். "அண்ணே, வணக்கம்ணே!" சரவணன் இவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். பின்னால் நான், காபித் தட்டோடு. அந்தத் தட்டை நான் எதற்கு எடுத்தேன்? அதை வைத்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் மூன்று பேரும் காபித் தம்ளரோடு மாடிப்படிக்கு அடியில், இவரைச் சுற்றி.

"கல்லு மேல இரும்பை எப்படிண்ணே ஒட்டுனீங்க?"

"தலைக்கு அடியில என்னண்ணே, தாளா குடுத்திருக்கீங்க?"

இவர் என்னைப் பார்த்தார். எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவார் என்று நினைத்தேன். கைக்கு எட்டுகிற தூரத்தில் ஸ்பானர் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. நான் இதைக் கழுவிக் கெடுத்த ஆளு. செஞ்ச ஆளு அந்தா நிக்குது."

மூன்று பேரும் திரும்பினார்கள். சரவணன் காபியை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. "அக்கா, குரூப்புல... நீங்களா?"

"நான்தான். தள்ளி நில்லுங்க, இரும்புச் சீவல் தெறிக்கும்."

அவர்கள் கொண்டு வந்த கம்பியைக் கடைந்தேன். சீவல் சுருண்டு விழுந்தது. அளந்து பார்த்தார்கள், ஒரு முனை தடிமன்தான். ஏன் என்று மறைக்காமல் சொன்னேன். சோப்புத்தூள், நார், எலுமிச்சம்பழம், எல்லாம். மூன்று பேரும் இவரை ஒரு பார்வை பார்த்தார்கள். நாலு நாளாக நான் திட்டியதெல்லாம் அந்தப் பார்வைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இவர் காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர்கள் கிளம்பிய பிறகு கேட்டார், "கோவம் போயிருச்சா?"

"போகல."

"அப்ப அடுத்த வருசம் இதுக்குப் பொட்டு உண்டா, இல்லையா?"

"உண்டு. கல்லுல மட்டும். நான்தான் வைப்பேன்."

"தண்ணி?"

"வாளியத் தொட்டுப் பாருங்க."