கொலீன் வரைக்கும்

ஆகஸ்ட் 23, செவ்வாய்

தகன நிலையத்திலிருந்து மூன்றாவது கடிதம். கலசத்தை எப்போது எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டு, மேலே ‘மதிப்பிற்குரிய அம்மையீர்’ போட்டு. மே மாதத்திலிருந்து என் புருஷன் போஹுஷ் அங்கே ஏதோ ஒரு அலமாரியில் எண் ஒட்டி உட்கார்ந்திருக்கிறான். எங்கே வைப்பது என்று தெரிந்தால் எடுக்க மாட்டேனா?

இந்த நோட்டு அவனுடையது. முன்பக்கமெல்லாம் அவன் சர்க்கரை அளவு. 9.4, 11.2, 8.7. மே 3-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. மீதிப் பக்கம் வீணாவானேன் என்று எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடித்தவள். எழுத எனக்கு என்ன இருக்கிறது. யாரையாவது திட்ட வேண்டும், வீட்டில் ஆள் இல்லை. அவ்வளவுதான்.

காலையில் ஹெட்விகா போன் செய்தாள். போஹுஷின் அக்கா. கொலீனில் இருக்கிறாள், எங்கள் பார்துபித்சேயிலிருந்து ரயிலில் அரை மணி. மே மாதத்திலிருந்து அவளுக்கு ஒரே பாட்டு. கலசம் கொலீனில் அவர்கள் அப்பா அம்மா குழிக்குள் போக வேண்டும், நான் கையெழுத்துப் போட வேண்டும்.

“சாகறதுக்கு நாலு நாள் முன்னாடி அவனே எங்கிட்டப் போன்ல சொன்னான். கொலீன்னு அவன் வாயால சொன்னான்.”

“பொய்.”

“ஒரு பூ வைக்காம, நாலு பேர் நிக்காம அவனை அடுப்புல தள்ளினவ நீ. நான் பொய்யா?”

சடங்கு வேண்டாம், பேச்சு வேண்டாம் என்று அவன்தான் சொன்னான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள். அவனுடைய பேச்சை வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கேட்டேன், அதற்கும் வசவு.

பதினேழு வயதில் ஒரு பையோடு கொலீனை விட்டு ஓடிவந்தவன் போஹுஷ். அப்பன் சாவுக்குப் போனான், அதுவும் வாசலோடு. நாற்பது வருடத்தில் அந்தக் கல்லறைக்கு ஒரு பூ வாங்கித் தரவில்லை. அவனா கொலீன் என்பான்?

போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30, செவ்வாய்

டூர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். ஜனவரியில் போஹுஷ் எங்கள் இருவருக்கும் பஸ் டூர் பதிவு செய்திருந்தான். மலிவு டூர். பாரீஸ், பிரஸ்ஸல்ஸ், இன்னும் ஏதேதோ. நான் மறந்தே போயிருந்தேன். வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

“உங்க கணவர் சீட்டை அவங்க அக்கா பேருக்கு மாத்தியாச்சும்மா.”

“யாரைக் கேட்டு?”

“அவங்கதான் போன் பண்ணாங்க. உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்களே.”

ஹெட்விகாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் அசரவில்லை. “நான் போன் பண்ணினா நீ வெச்சிடறே. பஸ்ல எப்படி வெப்பேன்னு பார்க்கறேன்” என்றாள்.

அவன் சீட்டில் அவள். நான் போகாவிட்டால் தனியாகப் போய் அதில் சாய்ந்து உட்கார்ந்து ஊர் பார்த்துவிட்டு வருவாள். அதற்காகவே போகிறேன்.

செப்டம்பர் 8, வியாழன்

பயண அட்டவணை வந்தது. கடைசி வரியில் ‘கொலீன், பிறகு வீடு’. நல்லது. பஸ் கொலீன் வழியாகத்தானே பார்துபித்சே வரும், அவளை அங்கே இறக்கிவிட்டுவிடுவார்கள். கடைசி அரை மணியாவது பக்கத்து சீட்டு காலியாக இருக்கும்.

செப்டம்பர் 9, வெள்ளி

பன்றிக்கறியைத் தட்டி ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தேன். பதினாறு துண்டு. எப்போதும் இரண்டு பேருக்குச் செய்கிற கை. பாதியைக் குப்பையில் போடப் போனேன், போடவில்லை.

செப்டம்பர் 10, சனி

அவளும் பொரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். இருபது. பஸ் நகரம் தாண்டுமுன் நாற்பத்தெட்டு பேரும் வெள்ளித்தாளைப் பிரித்தாயிற்று. வண்டி முழுக்க ஒரே எண்ணெய் வாசனை. ஹெட்விகா என்னுடையதை ஒன்று எடுத்துக் கடித்து, “மார்ஜோரம் இலை போட்டியா? போஹுஷுக்கு ஆகாது” என்றாள்.

முப்பத்தெட்டு வருடம் சாப்பிட்டான். ஒரு நாள் சொல்லவில்லை.

செப்டம்பர் 11, ஞாயிறு. பாரீஸ்

கால் வீங்கிவிட்டது. இரவெல்லாம் உட்கார்ந்தபடி வந்தது. கோபுரத்தைக் கீழிருந்து பார்த்தோம். மேலே ஏறுவது கட்டணத்தில் சேராது. அழகாகத்தான் இருக்கிறது. எல்லாரும் ஜோடியாக நின்று படம் எடுக்கிறார்கள், என் கையில் கேமராவைத் தந்து. ஆறு ஜோடியை எடுத்தேன். ஏழாவது ஜோடிக்குத் தலையை வெட்டிவிட்டேன். வேண்டுமென்றே.

விடுதியில் அறை ஒன்று, கட்டில் ஒன்று. கணவன் மனைவி என்று பதிவாகியிருக்கிறதாம். வழிகாட்டிப் பெண் ரெனாட்டா கையைப் பிசைந்தாள். “வேற அறை இல்லைம்மா, கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

ஹெட்விகா சுவர்ப் பக்கம். நான் விளிம்பில். நடுவில் என் கைப்பை.

செப்டம்பர் 12, திங்கள்

அவளும் அவனைப் போலவே குறட்டை விடுகிறாள். அதே இடத்தில் நிறுத்தி, அதே மாதிரி மறுபடி இழுக்கிறாள். குடும்பமே இப்படியா? தலையணையை எறிந்தேன். எழுந்திருக்கவில்லை.

செப்டம்பர் 13, செவ்வாய். பிரஸ்ஸல்ஸ்

மழை. ஒன்றுக்குப் போகிற குழந்தைச் சிலை என்று இரண்டு தெரு நடக்கவைத்தார்கள். முழங்கால் உயரம்கூட இல்லை.

“இதைப் பார்க்கவா ஆயிரம் கிலோமீட்டர்?” என்றாள் ஹெட்விகா.

பின்வரிசையில் வரும் குபீச்செக் கிழவர், ரயில்வேயில் இருந்தவர், குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்: “குளிருல்ல, சுருங்கியிருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் என் மேலேயே ஆத்திரம் வந்தது. நாலு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, மழையில் நின்று சிரிக்கிறாள் பார், என்று.

செப்டம்பர் 14, புதன். ஆம்ஸ்டர்டாம்

கால்வாய் ஓரம் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியில் ஈரல் விழுது தடவிக்கொண்டிருந்தோம். அவள் பையிலிருந்து காகிதத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். பேனாவும்.

“போடு க்வேத்தா. எனக்கு எழுபத்தொண்ணு. இதை முடிச்சிட்டுத்தான் போகணும்.”

“உங்கப்பன் பெல்ட்டைக் கழட்டினா போஹுஷ் நிலக்கரி அறையில போய் ஒளிவானாம். கல்யாணமான புதுசுல ஒரு தடவை சொன்னான், அதுக்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை. அந்த ஆள் பக்கத்துல அவனைப் படுக்க வைக்கணுமா? உனக்கு மனசு இருக்கா?”

“நானுந்தான் வாங்கினேன்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “நான் ஓடலை. கடைசி ஒன்பது வருஷம் அந்த மனுஷனுக்கு நான்தான் பீ அள்ளினேன். அவன் வந்தானா?”

காகிதத்தை அவள் பக்கம் எறிந்துவிட்டு நடந்தேன். எங்கே நடந்தேன் என்று தெரியாது. எல்லாப் பாலமும் ஒன்றுபோல இருக்கிறது, எல்லாத் தெருவும் தண்ணீர். யாரிடம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது? ஒரு சைக்கிள்காரன் இடிக்க வந்து திட்டிவிட்டுப் போனான். நானும் நம் மொழியில் திட்டினேன். நன்றாகத்தான் இருந்தது.

பஸ் நின்ற இடத்தைக் கண்டுபிடித்தபோது ஒரு மணி நேரம் தாமதம். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. குபீச்செக் மட்டும் குனிந்து சொன்னார்: “உங்க நாத்தனார் பஸ்ஸுக்கு முன்னாடி ரோட்டுல நின்னுட்டாங்க. என்னை ஏத்திட்டுப் போய்ப் பாருன்னு டிரைவரை மிரட்டினாங்க. போலீஸ்காரன் வந்தான், அவனையும்.”

ஹெட்விகா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். நன்றி சொல்லலாமா? சொல்லவில்லை. என் கையெழுத்து வேண்டுமே, அதற்காக நின்றிருப்பாள்.

செப்டம்பர் 15, வியாழன்

இதை எப்படி எழுதுவது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ரெனாட்டா மைக்கில் சொன்னாள்: “ரெண்டரை மணி நேரத்துல கொலீன் போயிடுவோம்.”

“ரெண்டரை மணியிலயா? பறந்தா போறோம்?” என்றேன். உரக்கவே கேட்டுவிட்டேன்.

“ரைன் ஆத்துக் கொலீன்மா. பெரிய சர்ச் இருக்கே, அது. நம்ம லாபே ஆத்துக் கொலீன் இல்லை.”

பஸ் முழுக்கச் சிரிப்பு. ஜெர்மன்காரர்கள் அந்த ஊரை கெல்ன் என்கிறார்களாம், நாம்தான் அதையும் கொலீன் என்கிறோம். டிவியில் கேட்டிருப்பேன். அட்டவணையில் பார்த்தபோது தோன்றவில்லை. கொலீன் என்றால் எனக்கு இந்தக் குடும்பத்தின் கொலீன்தான்.

ஹெட்விகா சிரிக்கவில்லை. அவள் வாய் திறந்தபடியே இருந்தது. நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“ஹெட்விகா. போன்ல அவன் என்ன சொன்னான்? ஒரு வார்த்தை மாத்தாம சொல்லு.”

அவள் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “கொலீன் வரைக்கும் க்வேத்தா கூட இரு. பாதியில விட்டுட்டு வந்துடாதே.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். நம்ம கொலீன்னு நெனச்சேன். குழி வரைக்கும்னு சொல்றான்னு நெனச்சேன். அவனை அங்க கொண்டுவந்து, அப்புறம் ஒருநாள் உன்னையும்...”

“டூர் பத்தி உனக்கு எப்படித் தெரியும்?”

“அதே போன்லதான். பஸ் டூர் போட்டிருக்கேன், அவளை அனுப்பணும்னான். நான் அதை வேற, இதை வேறன்னு எடுத்துக்கிட்டேன்.”

கடைசி ஊர் வரை என்னோடு போகச் சொல்லியிருக்கிறான். பாரீஸில் அழுது திரும்பிவிடுவேன் என்று தெரிந்திருக்கிறது. சீட்டை அவள் பிடுங்கவில்லை. அவன்தான் கொடுத்திருக்கிறான், அவளுக்கே தெரியாமல். அவள் பொய்யும் சொல்லவில்லை. நாலு மாதமாகப் பொய்க்காரி, பொய்க்காரி என்று—

அப்போதுதான் அடுத்தது உறைத்தது. அவன் இடத்தில் அவள் வர வேண்டுமென்றால், தான் வரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். அக்காவிடம் சொல்கிறான். என்னிடம்? அதே நாள், நான் கட்டிலோரம் உட்கார்ந்து அவன் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். “புதன்கிழமை வீட்டுக்கு வந்துடுவேன், உருளைக்கிழங்கு சூப் வெச்சிரு” என்றான். புதன்கிழமை நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

தெரிஞ்சிருக்கு உனக்கு. தெரிஞ்சே என்னை உரிக்க வெச்சிருக்கே. எங்கிட்டச் சொன்னா என்ன? நான் தாங்க மாட்டேனா? ரத்தமும் சீழுமா எத்தனை போர்வை பார்த்தவ நான். உனக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியலையா?

ரைன் கொலீனில் மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். மற்றவர்கள் கோபுரத்தில் ஏறப் போனார்கள், ஐந்நூற்றுச் சொச்சம் படி. நாங்கள் சர்ச்சுக்குள் போனோம். எனக்குக் கடவுள் பழக்கமில்லை. மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. அத்தனை பெரிய இருட்டு, மேலே வண்ணக் கண்ணாடி. தலையைத் தூக்கி, “பொய்யன்” என்றேன்.

ஹெட்விகா பக்கத்தில் நின்றாள். “சத்தமாச் சொல்லு. அவனுக்கு இடது காது கேக்காது.”

சத்தமாகச் சொன்னேன். மூன்று தடவை. சிவப்பு அங்கி போட்ட ஒரு காவல்காரர் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு வந்தார். ஹெட்விகா அவரைக் கையால் தள்ளி நிறுத்தி, நம் மொழியிலேயே, “புருஷன் செத்துட்டான். பேசட்டும்” என்றாள். அவருக்கு என்ன புரிந்ததோ, போய்விட்டார்.

வெளியே படியில் உட்கார்ந்தோம். அவன் காது தறி ஆலைச் சத்தத்தில் போனது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தான். அதைச் சொன்னேன்.

“ஆலையா?” என்றாள். “பன்னிரண்டு வயசுல போச்சு. எங்கப்பா கை. நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன், வெளிய வரலை.”

அதற்கப்புறம் அவள் காகிதத்தை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் போகச் சொன்னேன். “உனக்கு வேண்டாமா?” என்றாள். “உட்காரு” என்றேன்.

செப்டம்பர் 16, வெள்ளி

வீடு. காலணியைக்கூடக் கழற்றாமல் அழுதேன். மே மாதம் அழுததெல்லாம் கணக்கில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 2, ஞாயிறு

கோபம் போகவில்லை. எங்கே போகும், போக இடம் வேண்டாமா. ஹெட்விகாவிடம் போனில் சொன்னேன். “எனக்குந்தான். எங்கிட்டச் சொன்னவன் புரியற மாதிரிச் சொல்லியிருக்கலாமே, கழுதை” என்றாள். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டினோம்.

அக்டோபர் 18, செவ்வாய்

கலசத்தை எடுத்தாயிற்று. நான் நினைத்ததைவிடக் கனம். ஹெட்விகா காலை ரயிலில் வந்தாள். கல்லறை அலுவலகத்துக்குச் சேர்ந்தே போனோம். இங்கே, பார்துபித்சேயில், சுவரில் கலசம் வைக்கக் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன மாடங்கள் இருக்கின்றன.

“எத்தனை கலசத்துக்கு வேணும்மா?” என்றார் எழுத்தர்.

“மூணு.”

“மூணுக்குக் கிடையாது. ரெண்டு இருக்கு, நாலு இருக்கு. மூணாவது யாரு?”

“இவ” என்றேன்.

ஹெட்விகா மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவள் போலப் பைக்குள் முகத்தை விட்டாள். ரொம்ப நேரம் தேடினாள். பிறகு உள்ளிருந்தே கேட்டாள்: “அப்போ அங்க எங்க அப்பா அம்மா குழி மேல இருக்கற பூச்செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?”

“உசிரோட இருக்கற வரைக்கும் நீ ஊத்து. அப்புறம் மழை ஊத்தும்.”

எழுத்தர் பேனாவோடு காத்திருந்தார். “நாலு எடுத்தா ஒரு இடம் காலியா நிக்கும், பரவாயில்லையா?”

ஹெட்விகா நிமிர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நிக்கட்டும். அவனுக்குக் காலை நீட்டினாத்தான் தூக்கம் வரும்.”

சிரிக்கலாமா கூடாதா என்று எழுத்தர் எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் சிரித்து முடித்த பிறகு, நாலு என்று எழுதிக்கொண்டார்.