இடக்கை வளையல்கள்

அத்தைக்கு,

இன்று காலை வீட்டுக்குப் பின்னால் மின்ரயில் போனபோது ஜன்னல் கம்பியில் கை வைத்திருந்தேன். கம்பிக்குள் மெல்லிய அதிர்வு ஓடியது. உங்கள் இடக்கையில் ஓடுமே, அதே அதிர்வு. விரல்களை எடுக்கவே முடியவில்லை.

டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த கை அது. "தினமும் தொட்டுப் பாருங்கக்கா. பூனை வயித்துல கை வெச்ச மாதிரி கொர்ருனு இருக்கணும்" என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். அன்றுமுதல் விளக்கேற்றியதும் உங்கள் கையைத் தொடுவது என் பூஜையோடு சேர்ந்துவிட்டது.

"ஓடுதாடி?" என்பீர்கள்.

"ஓடுது அத்தை."

"அப்போ ஊசிக்குத் தப்ப முடியாது."

குடிக்கும் தண்ணீரையும் நான் அளந்துதான் கொடுத்தேன். "பால்காரன்கூட கொஞ்சம் கொசுறு ஊத்துவான், என் மருமக ஊத்த மாட்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்கள்.

அந்தக் கையில் இறுக்கமாக எதுவும் கூடாது என்று வளையல்களைக் கழற்றச் சொன்னார்கள். மாமா இருக்கும்போதே ஒரு கை மூளியா என்று கலங்கினீர்கள். நான்தான் அவற்றை அம்மன் படத்தின் முன் வைத்தேன். "கிட்னி சரியானதும் போட்டுக்கலாம் அத்தை." இனி சரியாகாது என்று டாக்டர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

ஒருநாள் சிகிச்சை முடிந்து வந்தவர், ஆட்டோவிலிருந்து இறங்கி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். "அந்த வளையலை எடுத்துக்கிட்டு வா."

"இன்னும் ஊசி இருக்கே அத்தை."

"இனிமே இல்லடி. மாமாகிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். உன்கிட்ட சொல்லத்தான் தைரியம் வரல."

எடுத்துக் கொடுத்தால், போதும் என்று அம்மனிடம் நானே சொன்னதாகிவிடும். பூஜை அலமாரியைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். நீங்கள் கெஞ்சவில்லை. காலையில் விளக்கேற்றியதும் வழக்கம்போல் கையை நீட்டுவீர்கள், அவ்வளவுதான். முகம் வீங்கியது, மூச்சு வாங்கியது. வெள்ளிக்கிழமை வந்ததும் அலமாரியைத் திறந்தேன்.

புடைத்த நரம்பைத் தாண்டி ஒவ்வொன்றாய் ஏற்றினேன். கண்ணாடி வளையல்கள் தாமாகவே நடுங்கின. "பாரேன், அதுக்கு எவ்ளோ சந்தோஷம்" என்றீர்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

கடைசிக் காலையிலும் விளக்கேற்றிவிட்டு வந்துதான் தொட்டேன். வளையல்கள் அசையாமல் கிடந்தன.

ஆனால் "ஓடுதாடி?" என்று நீங்கள் கேட்பது நிற்கவில்லை அத்தை. தண்ணீர் மோட்டார் போட்டால் கேட்கிறீர்கள். ஃபிரிட்ஜைத் திறந்தால் கேட்கிறீர்கள். இந்நேரம் அந்த ரயில் வண்டலூரைத் தாண்டியிருக்கும். கம்பி எப்போதோ அடங்கிவிட்டது. என் விரல் நுனியில் மட்டும் இன்னும் ஓடுகிறது.