கொளத்துல போட்ட உப்பு

மரக்காணம்,
கத்திரி வெயில் நாலாம் நாள்.

அன்பு மக பிரியங்காவுக்கு அப்பா எழுதறது. இங்க நான், உங்க அம்மா, லாரி மூணு பேரும் நல்லா இருக்கோம். அங்க உன் கை, காலு, பல்லு, அந்தக் கூரையில்லாத வண்டி நாலும் நல்லா இருக்குதான்னு ஒண்ணு ஒண்ணா எழுது. லெட்டரான்னு சிரிக்காத. நான் லெட்டர் எழுதியே இருவத்தோரு வருஷம் ஆவுது, கடைசியா எழுதுனது உங்க அம்மாவுக்கு, அதப் படிச்சிட்டும் அவ என்னக் கட்டிக்கினா, அதனால என் கையெழுத்துல ஏதோ இருக்குதுன்னு தைரியமா எழுதறேன். போன்ல சொன்னா நடுவுல நீ சிரிப்ப, உங்க அம்மா போனப் புடுங்கி எண்ணெ தேச்சுக் குளிச்சியான்னு கேப்பா, சொல்ல வந்த விஷயம் போயிடும். அதுவும் இல்லாம இந்தக் கவருக்குள்ள ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும் பாரு, அதப் பிரிக்காத. கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்பறம் தொடு. நீ எதையும் கடைசி வரைக்கும் படிக்கறவ இல்லன்னு தெரியும், அது என் ரத்தம், ஆனாலும் சொல்லி வைக்கறேன்.

ஊர் சேதின்னா, வெயிலு மண்டையப் பொளக்குது, அதனால உப்பு வெள்ள வெளேர்னு வெளையுது. உங்க அம்மா விடியறதுக்குள்ள உப்பளத்துக்குப் போயி பத்து மணிக்குள்ள வாரி முடிச்சிட்டு வந்துடறா. பித்த வெடிப்புக்கு நீ வாங்கி அனுப்புன கிரீம மூஞ்சிக்குப் போட்டுக்கினு திரியறா, காலுக்குடின்னா வாசன நல்லா இருக்குது, காலுக்குப் போயி வேஸ்ட் பண்ணுவாங்களான்றா. லாரிக்கு எஃப்.சி. எடுத்தாச்சு. நேத்து கிளியனூர் டீக்கடைல சடையப்பன், அதான் என்கூட லோடு அடிக்கறானே அவன், எல்லார் முன்னாலயும் உன் பொண்ணு கோயம்புத்தூர்ல என்னாதான் வேல பாக்குதுன்னு கேட்டான். பழைய ரேஸ் கார வாங்கி ரிப்பேர் பண்ணி அதையே ரேஸுலயும் ஓட்டுதுடான்னேன். பழசுல எதுக்கு ரேஸு, புதுசு கெடைக்கலையான்னான். அறுவது வருஷத்து வண்டிடா, வெள்ளக்காரன் செஞ்சது, பழசாவ பழசாவத்தான் அதுக்கு மவுசுன்னேன். அப்ப எங்க மாமியாருக்கு என்னா ரேட்டு போவும் விசாரிச்சு சொல்லுன்னான். கட முழுக்க சிரிப்பு. அதோட உட்டானா, அந்த வண்டி எங்கேந்து எங்க போவும்னான். எங்கயும் போவாது, சுத்திட்டு கெளம்புன எடத்துக்கே வரும்னேன். அதுக்கு எதுக்குடா கெளம்பணும்னான். இதுக்கு பதில் உனக்குத் தெரிஞ்சா எழுது, எனக்கு அடுத்த டீ குடிக்கறதுக்குள்ள வேணும்.

உன்னச் சொல்லி என்னா பண்றது, எல்லாம் நான் ஆரம்பிச்சு வெச்சது. உப்பளத்து மண் ரோட்டுல, ரெண்டு பக்கமும் பாத்தி, நடுவுல ஒரு லாரி அகலம், அதுல உன்ன உக்கார வெச்சு ரிவர்ஸ் எடுக்கச் சொன்னவன் நாந்தான். ஒரு சக்கரம் பாத்தில எறங்குனாலும் மொதலாளி என்னத் தோல உரிச்சிருப்பான். நீ கண்ணாடியப் பாத்துக்கினே அரை கிலோமீட்டர் நூலு புடிச்ச மாதிரி பின்னால வந்த. அன்னிக்கே உங்க அம்மா சொன்னா, யோவ் இது சமைக்கப் போறதில்லன்னு. நான் ஒம்போதாவதுல பள்ளிக்கூடத்துச் செவுரத் தாண்டுனவன், அப்பறம் ஒர்க் ஷாப்பு, ஓட்டலு, மீன்புடி போட்டு, செங்கச் சூளன்னு எதுலயும் ஒரு வருஷம் நின்னதில்ல. நீ டிப்ளமா ரெண்டாவது வருஷத்துல ஓடுன. செவுரு கூடத் தாண்டல, நேரா கேட்டு வழியா டாட்டா சொல்லிட்டு வந்த, அந்த விஷயத்துல நீ என்ன விட மேல. ஆக நம்ம வூட்ல எதையாவது ஆரம்பிச்சு முழுசா முடிக்கறது உங்க அம்மா ஒருத்திதான், அதுவும் அவ தெனம் முடிக்கறது உப்பு வார்றது. அதாலதான் நீ ரேஸுன்னதும் எனக்கு சிரிப்பு வந்துச்சு. ரேஸுன்னா முடிச்சாகணுமேடி.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். தை மாசம் உன் ரேஸப் பாக்க வந்தோம் இல்ல. நீ அந்தச் செவப்பு வண்டில தரையோட தரையா ஒக்காந்துக்கினு, ஹெல்மெட்டுக்குள்ள மூஞ்சியே தெரியாம, கையக் காட்டுன. உங்க அம்மா அது நீதானான்னு மூணு தடவ கேட்டா. அப்பறம் அஞ்சாவது சுத்துல, வளைவுல, வண்டி அப்படியே பம்பரமா சுத்தி, புழுதி கெளம்பி, ஒண்ணும் தெரியல. புழுதி அடங்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு காலும் ஐஸ் ஆயிடுச்சு. பாத்தா நீ எகிறிக் குதிச்சு எறங்கி பல்ல இளிச்சுக்கினு வர்ற, ஸ்பின்னுப்பா, சகஜம்ப்பான்ற. எது சகஜம். பதினாறு டன் உப்ப ஏத்திக்கினு பெருமுக்கல் ரோட்டுல எதிர வர்ற பஸ்ஸுக்கு ஒதுங்கறவன் நானு, எனக்கே அன்னிக்கு பஸ் ஏறி வூடு வந்து சேர்ற வரைக்கும் காலு தரைல பாவல. உங்க அம்மாகிட்ட ஒண்ணும் காட்டிக்கல. புள்ள நல்லாத்தான் ஓட்டுதுன்னேன்.

அந்த வாரமே லோடு எறக்கப் போவும்போது ஏரிக்கர அம்மன் கோயில் கொளத்துகிட்ட லாரிய நிறுத்துனேன். நானு. சாமி கும்புடறதுக்குப் போற பஸ்ஸுல கூட ஏறாதவன். மருவு, கட்டி இருக்கறவங்க அந்தக் கொளத்துல உப்பு போடுவாங்க இல்ல, உப்பு கரையற மாதிரி அதுவும் கரைஞ்சிடும்னு. லோடுலேந்து ஒரு கை அள்ளிக்கினு போனேன். வாசல்ல உப்பு மொளகு விக்குமே தையல்நாயகி அக்கா, அது என்னப் பாத்துட்டு, ஏம்பா உப்பு லாரிக்காரா, எங்கிட்ட ஒரு பொட்டலம் வாங்குனா கொறஞ்சா போயிடுவன்னுச்சு. அப்பறம் எங்க மருவு, கழுத்துலயா முதுகுலயான்னு கேட்டுச்சு. மருவு இல்லக்கா, பொண்ணுக்கு காருன்னேன். அது, காரு இது வரைக்கும் யாரும் போட்டதில்ல, போட்டுப் பாருன்னுடுச்சு. அதுக்குள்ள ரோட்ட அடைச்சு நிக்குதுன்னு பின்னால பஸ்ஸுக்காரன் ஆரன் மேல ஆரன். என் பொண்ணுக்குக் கார் பைத்தியம் கரையணும்னு சொல்லணும்னுதான் வரிசையா யோசிச்சிக்கினு போனேன். அவசரத்துல வாய்ல வந்தது, தாயே அந்தக் கார் கரையட்டும். உப்ப வீசிட்டு ஓடியாந்துட்டேன்.

ஒம்போதாம் நாள் நீ போன் பண்ற. ஸ்பின் ஆச்சேன்னு வண்டியத் தூக்கி அடிய சோதிச்சோம்பா, தரைத் தகரம் பூரா துருப்பா, ஸ்பேனர் வெச்சா உள்ள போவுதுப்பா, பிஸ்கோத்து மாதிரி உதிருதுப்பான்னு அழுவற. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. வேற சாமிங்க எல்லாம் இழுத்தடிக்கும், இது சொன்ன சொல்ல அப்படியே செஞ்சிருக்குது. இன்னும் ஒரு ரேஸு அப்படியே ஓட்டியிருந்தா சீட்டோட ரோட்டுக்குப் போயிருப்பேன்னும் சொன்ன. உங்க மொதலாளி அப்பாதுரை சார் கறாரா சொல்லிட்டாருன்ன, மே இருவத்தஞ்சாந்தேதி ரேஸுக்குள்ள வண்டிய நிமித்தி, அதுல முழுசா ஓடிக் கோட்டத் தாண்டுனா அடுத்த சீசன்லேந்து சம்பளத்துக்கு ஓட்டற டிரைவரு நீ, இல்லன்னா வண்டிய வித்துடுவேன்னு. நான் என்னா பண்ணியிருக்கணும். அழுவாதடி செய்யலாம்னு சொல்லியிருக்கணும். நீ அழுவற நேரம் பாத்து, முடிக்கலன்னா வூட்டுக்கு வந்து அரியர் எழுதறேன்னு உங்கிட்ட சத்தியம் வாங்குனேன். நீயும் மூக்க உறிஞ்சிக்கினே சரின்னுட்ட. போன வெச்சிட்டு சந்தோசமா சோறு திங்கலாம்னு ஒக்காந்தேன். எறங்கல.

ரெண்டு மாசத்துக்கு மேல வாய மூடிக்கினு இருந்தேன். நீ ஒவ்வொரு வாட்டியும், இன்னிக்கு இவ்ளோ தகரம் வெட்டிட்டேன், இன்னிக்கு இவ்ளோ வெல்டிங் வெச்சிட்டேன்னு போட்டோ அனுப்புவ, ஒவ்வொரு ஓட்டையும் எனக்கு நானே போட்ட ஓட்ட மாதிரி தெரியும். போன மாசம் தாங்காம உங்க அம்மாகிட்ட உப்பளத்துல வெச்சே சொன்னேன். அவ வாருபலகைய கீழ போட்டுட்டு வரப்பு மேல ஒக்காந்து சிரிச்சா பாரு, பக்கத்துப் பாத்தில இருந்தவங்க எல்லாம் என்னான்னு கேக்கற அளவுக்கு. யோவ், அந்த வண்டி, புள்ளதான் சொல்லுச்சே, முப்பது வருஷம் பாண்டில கடலோரம் ஒரு பங்களாவுல நின்ன வண்டி, அதத் துரு தின்னதுக்கு உன் ஒரு கை உப்புதான் காரணமா, அம்மன் என்னா ஒம்போது நாள்ல முப்பது வருஷத் துரு வெச்சுதான்னா. சிரிச்சு முடிச்சிட்டு மூஞ்சி மாறிடுச்சு. துருவ உடு, அழுவற புள்ளகிட்ட சத்தியம் வாங்குன பாரு, அது நீ பண்ணதுதானன்னா. கரைச்சவன் நீ, வார்றது எங்க தொழிலு, நடன்னு சொல்லிட்டா.

என்னா பண்ணான்ற. கோயில் கொளத்துக்கு இருவது லிட்டர் கேனோட என்ன இட்டுக்கினு போனா. தையல்நாயகி அக்கா, என்னாய்யா காரு கரைஞ்சுதான்னு கேட்டுச்சு, நல்லாவே கரைஞ்சுதுக்கா, இப்ப திரும்ப வேணும்னேன், எங்க கோயில்ல ரிட்டன் கெடையாதேன்னுச்சு. உங்க அம்மா அதக் காதுலயே வாங்கல. கேனு நெறைய தண்ணி மொண்டு வந்து, உப்பளத்து வரப்பு மேல கருப்பு சீட்ட விரிச்சு, நாலு பக்கமும் மண்ணு அணைச்சு ஊத்திட்டா. நாலே நாள் வெயிலு. தெனம் வேல முடிச்சிட்டு அத எட்டிப் பாப்பா, சீட்டு மேல விழுந்த காக்கா எறகப் பொறுக்கிப் போடுவா. கடைசியா சுரண்டி எடுத்தா ரெண்டு ஸ்பூனு. கொஞ்சம் பழுப்புதான். இதுல என் உப்பு எது, ஊரான் மருவு எதுன்னு எப்படிடி தெரியும்னேன். உன் உப்பும் இதுலதான இருந்தாவணும், அது எங்க போவும்னா. அதுதான் அந்தப் பொட்டலம்.

அதனால சொல்றேன் கேளு. அத வாயில போடாத, யார் யாரு மருவோ. கார் பக்கமும் கொண்டு போவாத, உப்பு உப்புதான், அம்மன் உப்பா இருந்தாலும் தகரத்தத் தின்னும். உன் துணிப் பொட்டில வை, போதும். நீ வெல்டிங் வெச்ச எடத்துல பெயின்ட்ட நம்பாத, தட்டிப் பாரு, நல்ல தகரம் டங்குங்கும், உளுத்தது தொப்புங்கும். ரெண்டு பக்கமும் ரெட் ஆக்சைடு அடி, அடிப்பக்கம் கழிவு ஆயில் தடவு. நாங்க உப்பு லாரிக்காரங்க, துருவப் பத்தி எங்களுக்குத் தெரிஞ்ச அளவு எந்த வெள்ளக்காரனுக்கும் தெரியாது. நேரத்துக்குச் சாப்புடு. அப்பறம் போன வாரம் போன்ல ஏனுங்கப்பான்ன பாரு, அத நிறுத்து, யாரோ துணிக் கடைல கூப்புட்ட மாதிரி இருக்குது.

நீ பண்ண சத்தியத்தையும் அந்தப் பொட்டலத்தோட திருப்பி அனுப்பறேன். நான் அத வாங்குன விதம் சரியில்ல. கோட்டத் தாண்டுனா சந்தோசம். தாண்டலன்னா அங்கயே கெட, வேற ஒரு ஓட்ட வண்டியத் தட்டு. அரியரு எங்கயும் ஓடிப் போவாது, அது நம்ம வூட்டுச் சொத்து. இருவத்தஞ்சாந்தேதி நாங்க ரெண்டு பேரும் வர்றோம். உங்க அம்மா கண்ண மூடிக்குவாளாம், நான் தொறந்து வெச்சிக்கினு இருப்பேன். ரேஸ் முடிஞ்சதும் அந்தப் பொட்டலத்த மறக்காம எங்கிட்ட குடு. நீ கோட்டத் தாண்டி சம்பள டிரைவரு ஆயிட்டன்னா மாசா மாசம் ஓட்டப் போற, எனக்கும் மாசா மாசம் காலு ஐஸ் ஆவும், அதுக்கு ஒரு வழி பண்ணணும் இல்ல. திரும்பக் கொளத்துல போட்டுடறேன். இந்த வாட்டி என்னா சொல்லணும்னு உங்க அம்மா மூணு தடவ என்ன ஒப்பிக்க வெச்சிட்டா. தாயே, என் பயம் கரையட்டும், காரு அப்படியே இருக்கட்டும்.

நீ நூறு வருஷம், அந்த வண்டி இன்னும் அறுவது வருஷம், ரெண்டும் துரு புடிக்காம நல்லா இருக்கணும். ஹெல்மெட்டுப் பட்டைய இழுத்துக் கட்டு. அம்மா எண்ணெ தேச்சுக் குளிக்கச் சொன்னா.

இப்படிக்கு,
உனக்கு ரிவர்ஸ் மட்டும் சொல்லிக் குடுத்த அப்பா,
மணிகண்டன்.