குழாயின் உள்பக்கம்

ஜூன் 10, திங்கள்
லேபில் மறுபடியும் கரண்ட் இல்லை. ஆம்பூர் வெயிலில் உட்கார்ந்தே வெந்தேன். படுக்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்
தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுநீர்க் குழாயில் அறுத்த துண்டு சோதனைக்கு வந்தது. கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர் லோகநாதன்தான். அவருக்கு அந்த ஷாப்பில் தோலிலிருந்து சதை சீவும் வேலை. குழாய் ஊர்க் குடிதண்ணீர்க் கிணற்றை ஒட்டிப் போகிறது. இன்னும் தாங்குமா என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். தாங்காது என்றால், மாற்றும்வரை ஷாப்பை மூட வேண்டும்.

குழாயின் பிளாஸ்டிக் கெடாமலிருக்க ஒரு மருந்து கலப்பார்கள். அதில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் சோதனை. துளிச் சீவலை இருநூறு டிகிரிக்குச் சூடாக்கி, ஆக்சிஜனைத் திறந்துவிட்டுக் காத்திருப்பது. மருந்து தீர்ந்ததும் திரையில் கோடு சட்டென்று ஏறும்.

வெளிப்பக்கச் சீவல் முப்பத்திரண்டு நிமிடம் தாங்கியது. உள்பக்கம் முப்பத்தொன்று. எப்படி? வருடக்கணக்காகக் கழிவுநீரில் ஊறிய பக்கமும், மண்ணில் சும்மா கிடந்த பக்கமும் ஒன்றா?

ஜூன் 12, புதன்
லேப் முதலாளி அருணகிரி சாரிடம் சொன்னேன். "நல்லா வந்தா சந்தோஷப்படும்மா, நோண்டாத" என்றார். திரும்ப ஓட்டினேன். அதேதான். எனக்கே என் மேல் எரிச்சல்.

சாயங்காலம் இவரிடம் புலம்பினேன். துண்டில் வாசனைகூட இல்லையே என்றேன். சிரித்தார்.

"எப்படி இருக்கும்? என் கத்தியால உள்ளார நல்லா சொரண்டி, சோப்பு போட்டு கழுவித்தான் எடுத்தாந்தேன். நீதான கையில புடிக்கணும்? நாத்தம் ஜாஸ்தி, பேஜாராயிடும்."

அடப்பாவி மனுஷா! நான் பார்க்க வேண்டியதே அந்த மேல்படலத்தைத்தான். திட்ட வாய் வரவில்லை. கல்யாணமான நாளாக எனக்கென்று ஒரு முழம் பூ வாங்கி வந்ததில்லை. இதைத்தான் செய்திருக்கிறார்.

ஜூன் 13, வியாழன்
கையெழுத்துப் போட மாட்டேன் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். வேறு துண்டு வந்தால் பார், வராவிட்டால் இதுதான் ரிப்போர்ட் என்றார். ஷாப் சூப்பர்வைசர் மக்பூல் பாய்க்குப் போன் செய்தேன். "வேற துண்டெல்லாம் கெடையாதும்மா" என்று வைத்துவிட்டார்.

ஜூன் 14, வெள்ளி
இவரிடம் எல்லாம் சொன்னேன். இன்னொரு துண்டு கொண்டுவாங்க என்று மட்டும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

"உள்பக்கம் கெட்டுப் போயிருந்தா ஷாப்பை மூடிடுவாங்களா?"

ஆமாம் என்றேன். டீயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

ஜூன் 17, திங்கள்
அலுப்பு. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 18, செவ்வாய்
லேப் வாசலில் இவர். கோணிப்பையில் ஒரு துண்டு. அன்று அறுத்ததில் மிச்சம், ஷாப்புக்குப் பின்னால் கிடந்ததாம்.

"கழுவல. கத்தி வைக்கல. அப்படியே கீது."

நாற்றம் தாங்காமல் சார் வெளியே போய்விட்டார். உள்பக்கச் சீவலை வைத்து ஆக்சிஜனைத் திறந்தேன். ஒரு நிமிடம்கூட இல்லை — கோடு ஏறிவிட்டது.

கையெழுத்துப் போட்டேன். அழுகையாக வந்தது.

ஜூலை 3, புதன்
ஷாப் மூடிக் கிடக்கிறது. புதுக் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் கூலி வேலை இவருக்குக் கிடைத்திருக்கிறது. மக்பூல் பாய் எதிரில் வந்தும் பேசவில்லையாம்.

"பழைய குழாயைத் தூக்கினோம் சோபனா. படக்குனு ரெண்டா ஒடஞ்சுட்ச்சு."

"எங்க?"

"கிணத்துகிட்டதான்."

கடப்பாரை பிடித்துப் பிடித்து அவர் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், விரல் மடங்கவில்லை. சோற்றைப் பிசைந்து நானே ஊட்டினேன்.