வலிக்காத புண்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். போனில் பேசினால் குரலை வைத்தே குடைந்தெடுப்பாய், அதனால்தான் கடிதம். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. முதலாளி என் நாற்காலிக்கு மெத்தை போட்டுத் தந்தார். முதுகில் புதுக் கொப்புளம் இல்லை. கணுக்கால் புண் மட்டும் டிசம்பரிலிருந்து ஆறவில்லை, ஓரம் தடித்திருக்கிறது. ஆனால் வலியே இல்லை! துணி உரசினாலே கொப்பளிக்கும் தோலோடு பிறந்தவனுக்கு வலிக்காத புண் பெரிய வரம்தானே?

உன் தம்பி

மார்ச் 11

அடேய்,

படித்த கையோடு எழுதுகிறேன். உன் பதினெட்டாவது வயதில் தோல் டாக்டர் என்ன சொன்னார்? திரும்பத் திரும்பப் புண்ணாகும் தோலில் இளம் வயதிலேயே புற்றுநோய் வரலாம், வழக்கமான மாதிரி இல்லாத புண் வந்தால் உடனே வா என்றார். மறந்துவிட்டாயா, மறந்த மாதிரி நடிக்கிறாயா? நாளைக்கு என்று இழுக்காதே. இன்றே போ.

கோபத்தோடு,
அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

மறக்கவில்லை, பயந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் புண்ணில் ஒரு துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர பத்து நாளாகும். கண்ணில் எழுத்தே ஏறவில்லை. நேற்று ஒரு பாடப்புத்தகத்தில் முழுப் பக்கத்தையே திருத்தாமல் விட்டுவிட்டேன். புற்று என்று வந்தால் காலை எடுத்துவிடுவார்களா அக்கா?

தம்பி

ஏப்ரல் 2

அக்கா,

நாலு தடவை கூப்பிட்டேன், நீ போனை எடுக்கவில்லை. புற்று இல்லை! வெறும் ஆறாத புண்தானாம். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்க்க வேண்டும். வலிக்கிறதா இல்லையா என்று பார்த்து நானே தீர்ப்பு சொல்லக் கூடாதாம். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் கேவிக் கேவி அழுதேன். பக்கத்திலிருந்த ஒரு அம்மா, யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து, "மனசைத் தேத்திக்கப்பா" என்றார். "ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்கம்மா, அதான் அழறேன்" என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

தம்பி

ஏப்ரல் 9

என் கண்ணே,

கடிதத்தை வாசலிலேயே பிரித்தேன். அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

நான் போனை எடுக்காதது கோபத்தால் இல்லை. ஒவ்வொரு முறை அடித்தபோதும் அதன் பக்கத்திலேயேதான் நின்றேன். நீ என்ன சொல்வாயோ என்று கை போகவில்லை. என்னை மன்னித்துவிடு. உனக்குத் தைரியம் சொல்ல வேண்டியவள் உன்னைவிடக் கோழையாக இருந்துவிட்டேன்.

ஜூலை பரிசோதனைக்கு வருகிறேன், லீவு சொல்லியாகிவிட்டது. டாக்டர் எதைச் சொன்னாலும் இரண்டு பேருமாகக் கேட்போம். தனித்தனியாகப் பயந்ததெல்லாம் போதும்.

அக்கா